அகல இறக்கை

பல் டாக்டருக்கு விண்ட்சர்ஃபிங் என்றால் பைத்தியம்; பாய் கட்டிய பலகைமேல் நின்று, காற்றைப் பிடித்துத் தண்ணீரில் ஓடும் விளையாட்டு. கல்யாணமான புதிதில் மனைவிக்கும் அதைத் தொற்ற வைத்தவர் அவரே. ஆனால் வீட்டுக்குப் பக்கத்திலிருந்த விரிகுடாவில் காற்று மகா கஞ்சன். பாதி நாள் பாய் தொங்கிப்போய்க் கிடக்கும். அதனால்தான் இருவரும் ஃபாயில் வாங்கக் கிளம்பினார்கள். பலகைக்கு அடியில் ஒரு தண்டு, அதன் முனையில் விமானத்துக்கு இருப்பதுபோல இறக்கை. கொஞ்சம் வேகம் பிடித்தால் பலகை தண்ணீரை விட்டு எழும்பிவிடும்.

கடையில் ஒரு இறக்கை அகலமாக, தடிமனாக இருந்தது. இன்னொன்று கத்திபோல மெலிந்தது.

"பெருசையே எடுப்போங்க. நம்ம காத்துக்கு இதுதான் எழும்பும். நானும் ஓட்டலாம்," என்றாள் மனைவி. கடைக்காரரும் ஆமாம் போட்டார்.

டாக்டரின் கண்ணோ மெலிந்ததை விட்டு நகரவில்லை. 'சூறாவளி' என்று எல்லாரும் கூப்பிடும் சிநேகிதர் அதில்தான் பறந்தார்.

"பெருசு கத்துக்குட்டிங்களுக்கு. சீக்கிரமே சலிச்சிடும்," என்று சொல்லி மெலிந்ததை வாங்கிவிட்டார். சூறாவளி ஓட்டுவது காற்று வெளுத்து வாங்கும் திறந்த கடலில் என்பது அப்போது அவர் புத்தியில் உறைக்கவில்லை.

அந்தக் கோடை முழுக்க அவர் பாயை இழுத்து இழுத்து விசிறினார். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகருமாம். பலகையும் நகர்ந்தது, எழும்பத்தான் இல்லை. மனைவி தன் முறைக்காக நீச்சல் உடையோடு கரையில் காத்திருந்தாள்.

"கடையில மாத்திக் குடுப்பாங்களாம். கேட்டுட்டேன்."

"காத்து வரட்டும், அப்புறம் பாரு."

அவள் சொன்னதுதான் சரி என்று அவருக்கு எப்போதோ தெரிந்துவிட்டது. ஒப்புக்கொள்ளத்தான் வாய் வரவில்லை.

கோடை முடியும் தறுவாயில் அவளுக்குத் தலைசுற்றல் வந்தது. உள்காதில் கோளாறு. நடமாட்டம் மெல்லச் சீரானது.

"பலகை மட்டும் இனி வேண்டாம்மா," என்றார் காது டாக்டர். "தண்ணிக்குள்ள தலை சுத்துனா எது மேல, எது கீழன்னே தெரியாது."

அடுத்த கோடையில் அவரே போய் மெலிந்ததைக் கொடுத்துவிட்டு அகல இறக்கையை வாங்கி வந்தார். அன்று இலை அசையும் அளவுக்குத்தான் காற்று. இரண்டு விசிறலில் பலகை எழும்பிவிட்டது. சந்தோஷத்துக்கு முன்னால் அவருக்கு வேறொன்றுதான் தோன்றியது: போன வருஷமும் இதே காற்றுதானே அடித்தது?

கரைக்கு வந்தவரிடம் அவள் ஆவலாகக் கேட்டாள்: "எப்படி இருந்துச்சு?"

"அன்னைக்கே நீ சொன்னதைக் கேட்டிருக்கணும்."

"அதை விடுங்க. மேல போனதும் எப்படி இருக்கு? அதைச் சொல்லுங்க."

"சத்தம் நின்னுடுது. பலகையில தண்ணி அடிக்கிற சத்தம் அப்படியே நின்னுடுது. அப்புறம்..."

"ம், அப்புறம்?"

ஈர உடையோடு அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றுவிடாமல் சொன்னார். காற்று இன்னும் இருந்தது. அன்றைக்கு அவர் மறுபடி தண்ணீரில் இறங்கவில்லை.