அம்புரோஸ் படித்த ரஷ்ய இலக்கணம்

இப்போது யாராவது எதையாவது படித்துவிட்டால் போதும், கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டிவிடுகிறார்கள். பட்டம் வாங்கினால் பேப்பரில் போட்டோ. தையல் படித்தால்கூட வாசலில் போர்டு. போன மாதம் பக்கத்து வீட்டுப் பெண் கம்ப்யூட்டர் படித்து முடித்தாள் என்று கோழி அறுத்துத் தெருவையே கூப்பிட்டார்கள். என்னம்மா படித்தாய் என்று கேட்டேன். அவளுக்கே சொல்லத் தெரியவில்லை. வீட்டுக்குள் என்ன இருக்கிறது, தலைக்குள் என்ன இருக்கிறது என்று போகிறவன் வருகிறவனுக்கெல்லாம் காட்டுகிற கூட்டம். பயமே இல்லை. பயம் இல்லாதவனை நான் நம்புவதில்லை.

நான் மூன்றாம் வகுப்பு. தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பேன். இங்கிலீஷ் தெரியாது. அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும்.

மலாயாவில் வெள்ளைக்காரன் போட்ட எமர்ஜென்சி நேரம், ஐம்பத்தொன்றாம் வருஷம். எங்கள் தோட்டம் அசாம் ஜாவாவிலிருந்து உள்ளே ஆறு மைல். நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளைச் சுற்றி முள்வேலி. காட்டுக்குள் கம்யூனிஸ்டுகள், வெளியே பட்டாளம், நடுவில் நாங்கள். நான் ரப்பர் மரம் சீவிப் பால் எடுத்தேன். என் தங்கை லில்லியனைக் கட்டியவன் அம்புரோஸ். தோட்டப் பள்ளிக்கூடத்து வாத்தியார். பால்வாளி தொட்டு அறியாத கை. நான் தனி ஆள் என்பதால் அவர்கள் வீட்டிலேயே சாப்பாடு.

ஊருக்குத் திரும்பிப் போகிற ஒரு வெள்ளைக்காரத் துரை கோலசிலாங்கூரில் தட்டுமுட்டுச் சாமான்களை விற்றான். கொசுவலை வாங்கப் போன அம்புரோஸ் கையில் ஒரு தடித்த புத்தகத்தோடு வந்தான்.

"என்னா மாப்ள, வலை வாங்கப் போனவன் புத்தகத்தோட வர்ற?"

"வலையும் இருக்கு மச்சான். அதுக்குள்ள சுத்தி வெச்சிருந்தான். ரஷ்யா பாஷை படிக்கிற புத்தகம்."

நான் எழுந்து போய்க் கதவைச் சாத்தினேன்.

"உனக்குக் கிறுக்கா? காட்டுல இருக்கறவன் பூரா அந்த ஊர்க்காரன் பேச்சக் கேட்டுத்தான் துப்பாக்கி தூக்கறான்னு நம்ம தோட்டத்துத் தொரை தெனமும் கத்திட்டுப் போறான். நீ அவன் பாஷைய வீட்டுக்குள்ள தூக்கியாந்துட்ட."

"பாஷை யாரச் சுட்டுச்சு? உக்காருங்க, ஒண்ணு காட்டறேன்."

அவனுக்கு அரசியல் கிடையாது. வாக்கியம்தான் பைத்தியம். யார் என்ன பேசினாலும் எழுவாய் எது, பயனிலை எது என்று மீன் அறுக்கிற மாதிரி அறுத்துவிடுவான். பள்ளிக்கூடத்தில் அதற்காகவே பிள்ளைகள் அவனைக் கண்டால் ஓடும்.

"'கீரி பாம்பைக் கடித்தது.' சரியா? இதையே 'பாம்பைக் கீரி கடித்தது'ன்னு மாத்திப் போடுங்க. அப்பவும் கடிவாங்குனது பாம்புதான். 'ஐ' அது முதுகுல ஏறி உக்காந்திருக்கு. இங்கிலீஷ்ல மாத்திப் போட்டா பாம்பு கீரியக் கடிச்சிரும். ரஷ்யாக்காரன் நம்மள மாதிரி மச்சான். வேற்றுமை உருபு வெச்சிருக்கான். ஆறு வேற்றுமை."

"நமக்கு எத்தன?"

"எட்டு."

"அப்ப ரெண்டு கொறச்சல். அவன்கிட்ட என்னா படிக்கப் போற?"

லில்லியன் அடுப்படியிலிருந்து சிரித்தாள். அம்புரோஸ் விடவில்லை.

"'நான் வாத்தியார்'ன்னு நாம சொல்றோம். நடுவுல ஒண்ணும் ஒட்டறதில்ல. அவனும் அப்படித்தான். 'என்னிடம் புத்தகம் இருக்கிறது.' அவனும் அப்படியே சொல்றான், வார்த்தைக்கு வார்த்த. இங்கிலீஷ்காரன் பொருளக் கையில புடிச்சு வெச்சுக்கறான். நமக்கும் அவனுக்கும் அது பக்கத்துல சும்மா இருக்கு. அவ்வளவுதான். அவ்வளவு தூரத்துல, பனிக்குள்ள கெடக்கறவன் எப்படி மச்சான் நம்மள மாதிரி பேசறான்?"

எனக்கு அதில் ஒன்றும் அதிசயம் தெரியவில்லை. மரம் அதனால் கூடுதலாகப் பால் கொடுக்கப் போகிறதா? ஆனால் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் அவன் அந்த எழுத்துகளை எழுதுவான், லில்லியன் முதுகுக்குப் பின்னால் நின்று பார்ப்பாள். நாலு மாதம் போயிருக்கும். மூன்று நோட்டுப்புத்தகம் நிரம்பிவிட்டது. அவளுக்கு வயிற்றில் ஏழு மாதம்.

அப்போதுதான் எங்களை வேலை வாங்குகிற மண்டோர் முருகையா பால் கொட்டுகிற இடத்தில் சொன்னான். "பட்டாளம் வீடு வீடா சோதன போட வருதாம். பக்கத்துத் தோட்டத்துல ஒரு காகிதத்துக்காக ரெண்டு பேர லோரியில ஏத்திட்டாங்க."

ஜப்பான்காரன் காலத்தில் புதைத்தவன்தான் பிழைத்தான். அரிசி, உப்பு, தாலி, கோயில் வெள்ளி விளக்கு, எல்லாம் மண்ணுக்குள். என் அப்பா புதைக்கவில்லை. மூட்டை அரிசியை வீட்டில் வைத்திருந்தார், அதற்கு வாங்கிய அடியில் அவர் எழுந்திருக்கவே இல்லை. அந்தப் படிப்பு எனக்கு மூன்றாம் வகுப்பைவிட நன்றாக மண்டையில் ஏறியிருந்தது.

மறுநாள் அம்புரோஸ் பள்ளிக்கூடம் போன பிறகு, லில்லியன் குழாயடிக்குப் போன நேரம், புத்தகத்தையும் நோட்டுகளையும் எடுத்தேன். பிஸ்கட் டின்னில் போட்டேன். மூடியைச் சுற்றி ரப்பர் பாலை ஊற்றி ஒட்டினேன், தண்ணீர் இறங்காது. என் மரங்களுக்குக் கீழே புதைக்க நான் மடையன் இல்லை. காட்டோரம், யாரும் சீவாத கிழட்டு மரம் ஒன்றின் அடியில் புதைத்தேன். அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்பான். சோதனை முடிந்ததும் எடுத்துக் கொடுக்கலாம் என்று நினைத்தேன்.

சாயங்காலம் அவன் கட்டிலுக்கு அடியில் தேடினான், அரிசிப் பானைக்குள்கூடத் தேடினான்.

"மச்சான், என் புத்தகத்தப் பாத்தீங்களா?"

"எனக்கு எதுக்குப்பா அது?"

அன்று அவன் சாப்பிடவில்லை.

மூன்றாம் நாள் பெரட்டுக்கு, அதாவது ஆள் எண்ணுகிற களத்துக்கு, எல்லாரையும் கூப்பிட்டார்கள். லயத்தில் சோதனையே நடக்கவில்லை. ரோந்து போன பட்டாளம் காட்டோரம் கிளறின மண்ணைப் பார்த்திருக்கிறது. தோட்டத்து ஆள் காட்டுக்காரனுக்குச் சாமான் வைப்பது அப்படித்தானாம், டின்னில் அடைத்து, காட்டோரத்தில். எனக்கு அது தெரியாது. ஜப்பான்காரன் காலத்தோடு என் அறிவு நின்றுவிட்டது.

மேஜைமேல் டின் இருந்தது. ஒரு ஆபீசர், பக்கத்தில் எங்கள் துரை, மொழிபெயர்க்க, ஆபீசில் எழுத்து வேலை பார்க்கிற கிராணி டக்ளஸ். நோட்டு அட்டையில் அம்புரோஸ் இங்கிலீஷில் பெயர் எழுதி வைத்திருக்கிறான். எனக்கு அது ஏதோ கிறுக்கலாகத்தான் தெரிந்திருந்தது.

துரை பேசினான். டக்ளஸ் தமிழில் சொன்னான். "வாத்தியாரே, இந்தப் புத்தகத்த நீயே பங்களாவுக்குக் கொண்டாந்து தொரைக்குக் காட்டுனே. தொரை சிரிச்சாரு. படிக்கறதுல தப்பில்லன்னாரு. அப்புறம் எதுக்குப் பொதச்சே?"

காட்டியிருக்கிறான். துரையிடமே காட்டியிருக்கிறான். எனக்கு யாரும் சொல்லவில்லை.

அம்புரோஸ் மேஜைப் பக்கம் போனான். டின்னின் விளிம்பில் காய்ந்த பாலை விரலால் தடவினான். கொஞ்சம் பிய்த்தான், நூல் மாதிரி இழுபட்டது. தலையைத் தூக்கினான். நான் நின்ற பக்கம் பார்க்கவில்லை. வேண்டுமென்றே பார்க்கவில்லை.

"நான்தான் பொதச்சேன்."

"எதுக்கு?"

அவன் டின்னிலிருந்து இன்னும் கொஞ்சம் பாலைப் பிய்த்தான்.

துரை மூன்று தரம் கேட்டான். மூன்றாம் தரம் குரலைத் தாழ்த்திக் கேட்டான். எதற்கும் ஒரு வாக்கியம் வைத்திருக்கிற மனுஷன் வாயில் ஒன்றும் வரவில்லை. யார் வந்து எடுக்கப் போகிறான் என்று ஆபீசர் கேட்டான். அம்புரோஸ் டின்னையே பார்த்தான்.

நான் இரண்டாவது வரிசையில் நின்றேன். விசாரித்துவிட்டு விட்டுவிடுவான் என்று நினைத்தேன். நானும் போய்விட்டால் பிள்ளைத்தாய்ச்சியை யார் பார்ப்பது என்று நினைத்தேன். இரண்டும் நியாயம்தான். ஆனால் என் நாக்கைப் பிடித்தது நியாயம் இல்லை, பயம். அவனை லோரியில் ஏற்றும்போது லில்லியன் ஓடி வந்தாள். நான் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன். அதைத்தான் செய்தேன்.

ஒரு வருஷம் தடுப்பு முகாமில் வைத்திருந்தார்கள். பெண் குழந்தை பிறந்தது, முரியல். அம்புரோஸ் மூன்று வயதில் இந்தியாவிலிருந்து வந்தவன் என்பதால் கப்பலேற்றித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கைக்குழந்தை காய்ச்சலில் கிடந்ததால் லில்லியன் கூடப் போகவில்லை, பிறகு போகலாம் என்றாள். எனக்கு முகாமிலிருந்து ஒரு கடிதம் எழுதியிருந்தான். டின்னைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. "மச்சான், பத்தொன்பதாம் பாடத்தில் நின்றுவிட்டது. அதுவரைக்கும் மனதில் இருக்கிறது. தினமும் சொல்லிப் பார்க்கிறேன். லில்லியனைப் பார்த்துக்கொள்ளுங்கள்." எழுத்துக் கூட்டி நானே படித்தேன். வேறு யாரிடமும் கொடுக்கவில்லை.

கப்பல் போய் எட்டாம் மாதம், அவன் வயிற்றுப்போக்கில் செத்துப்போனான் என்று நாகப்பட்டினத்து மாதாகோயில் சாமியார் எழுதினார்.

லில்லியன் அதற்கப்புறம் முப்பத்தொரு வருஷம் இருந்தாள். அழுகிற ஆள் இல்லை. ஆனால் கல்லறைத் திருநாள் வந்தால் மெழுகுவத்தி கொளுத்தக் கல்லறை இல்லாமல் வீட்டிலேயே ஒன்று கொளுத்திவிட்டு என்னிடம் கேட்பாள்.

"அவருக்கு ஏண்ணே அதப் பொதைக்கணும்னு தோணுச்சு? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே. நான் யாருகிட்டப் போய்ச் சொல்லிருக்கப் போறேன்? எங்கிட்ட மறைக்க அப்படி என்னா இருந்துச்சு அவருக்கு?"

"யாருக்குத் தெரியும்" என்பேன்.

முப்பத்தொரு தரம் கேட்டாள். முப்பத்தொரு தரம் அதையே சொன்னேன். புருஷன் தன்னை நம்பவில்லை என்று நினைத்துக்கொண்டே செத்துப்போனாள். அவனை நாடு கடத்தியது வெள்ளைக்காரன். அவள் மனதிலிருந்து கடத்தியது நான்.

அவளுடைய முப்பதாம் நாள் பூசை முடிந்து, கோலசிலாங்கூரில் சீனி முகம்மது கடையில் டக்ளஸைப் பார்த்தேன். கிராணி வேலையெல்லாம் முடிந்து பல்லில்லாத கிழவன், மலாய்க்காரன் மாதிரி பேச்சுக்குப் பேச்சு 'லா' போடுவான். எதிரில் உட்காரச் சொல்லி டீ சொன்னான். நான் சொல்லிவிட்டேன், முதல் தடவையாக. நான்தான் புதைத்தேன் என்று.

அவன் டீயைக் கலக்கிக்கொண்டே இருந்தான்.

"நீ இத இவ்ளோ நாளா வெச்சிக்கிட்டிருந்தியா? சும்மா விடு லா. நாப்பத்தெட்டுல கூலி கேட்டு ஆளுங்க மனு கொடுத்தாங்கல்ல, அத எழுதிக் கொடுத்தது வாத்தியாரு. அப்பவே போலீஸ் பட்டியல்ல பேரு ஏறிருச்சு. டின் இல்லாட்டியும் ஏத்திருப்பான்."

"பட்டியல நீ பாத்தியா?"

"ஆபீஸ்ல இருந்தவன் நான். பேசிக்கிட்டாங்க."

"பாத்தியா?"

"பாக்கல. ஆனா அப்படித்தான் இருக்கும்."

"பேரு மொதல்லயே இருந்துச்சுன்னா தொரை எதுக்கு மூணு தரம் கேட்டான்?"

"அது சும்மா சடங்குக்குக் கேக்கறது லா."

"சடங்குக்குக் கேக்கறவன் மூணாந்தரம் கொரல எறக்க மாட்டான். ஒரு காரணம் சொல்லித் தொலைடான்னு கெஞ்சுனான். காரணம் ரெண்டாவது வரிசையில நின்னுச்சு."

டக்ளஸ் என் கைமேல் கையை வைத்தான். "உன் நிம்மதிக்குத்தானே சொல்றேன்."

அது எனக்கும் தெரியும். நிம்மதிக்குச் சொல்கிற பேச்சை எப்படி நம்புவது? கையை எடுத்துக்கொண்டேன். டீக்குக் காசு வைத்துவிட்டு எழுந்தேன். அவன் பின்னாலிருந்து இன்னும் ஏதோ சொன்னான், பட்டியல் என்று காதில் விழுந்தது. நான் பஸ் நிற்கிற பக்கம் நடந்தேன்.