சோம்பேறிக் கலப்பையின் சின்ன ஜன்னல்

1

இந்தக் கதை எனக்கு பீர் வாங்க நின்ற வரிசையில் கிடைத்தது. எனக்கு முன்னால் நின்ற தச்சர் டெஸ்மண்ட் திரும்பிப் பார்த்து, "எழுதுறவன்தானே நீ? என்னைய மட்டும் கொஞ்சம் நல்லவனா எழுதிடுப்பா" என்றார். ஏதோ பெரிதாகச் செய்து வைத்திருக்கிறார் என்று அப்போதே புரிந்துவிட்டது.

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: "பனி போர்த்திய ஆங்கிலக் கிராமத்தின் நடுவே, காலத்தை வென்று நின்றது 'சோம்பேறிக் கலப்பை' என்னும் அந்தப் புராதன—"

வேண்டாம். அன்று பனியே இல்லை. காலத்தை வென்ற கூரை மூன்று இடங்களில் ஒழுகுகிறது.

மறுபடி: அந்த பப்பில் கவுண்டர் கிடையாது.

இது பரவாயில்லை. ஒரு நடை, அதன் இருபுறமும் சுவரோடு பதித்த பெஞ்சுகள், கோடியில் மரக்கதவு போட்ட சின்ன ஜன்னல். தட்டினால், பப்பை நடத்தும் வின்னி என்ற பெண்மணி கதவை மேலே தள்ளி எட்டிப் பார்ப்பார். உள்ளே பீப்பாயில் பிடித்த பீரை நீட்டுவார். அதைக் குடிக்கும்போது எதிரில் இருப்பவரின் முழங்கால் நம் முழங்காலில் இடிக்கும். அவ்வளவுதான் பப்.

சொந்தக்காரக் கம்பெனி இதை இடித்து வீடுகளாக்கி விற்கப் பார்க்கிறது. பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் சேர்ந்துவிட்டால் அவர்களால் கை வைக்க முடியாது. அதற்காகப் பார்வையிட ஒரு அதிகாரி வருவதாக இருந்தது. வின்னி மாடியில்தான் குடியிருக்கிறார். அவருக்கு வேறு வீடும் இல்லை, வேறு வேலையும் தெரியாது.

2

(இங்கே எனக்கு ஒரு சந்தேகம். டெஸ்மண்ட் போன்ற கெட்டிக்காரத் தச்சர் அப்படி ஒரு காரியத்தைச் செய்வாரா? வாசகர் நம்புவாரா? ஆனால் செய்தாரே, நான் என்ன பண்ண?)

ஊருக்கே அந்த ஜன்னலைப் பற்றி வெட்கம். பக்கத்து ஊர் பப்பில் கருத்த உத்தரங்கள், செம்புச் சட்டிகள், நீளமான கவுண்டர் எல்லாம் உண்டு.

"கட்டடம் பாக்க வர்ற அம்மா இதைப் பாத்தா சிரிச்சிருவாங்க, வின்னி. ரயில்வே டிக்கெட் குடுக்குற இடம் மாதிரி இருக்கு" என்றார் டெஸ்மண்ட்.

"அதுக்கு என்னைய என்ன பண்ணச் சொல்ற?"

டெஸ்மண்ட் பண்ணினார். பழைய தொழுவத்துப் பலகைகளைக் கொண்டுவந்து, ஜன்னலை மறைத்து ஒரு கவுண்டர் அடித்தார். பழசாகத் தெரிய அதைச் சங்கிலியால் விளாசினார், கெட்டித் தேநீரை ஊற்றிக் கறுக்க வைத்தார், மூலையில் 1604 என்று செதுக்கினார்.

[வின்னி மேல் இருந்த ஆசையால்தான் செய்தார் என்று எழுதிவிட்டு அவரிடம் சொன்னேன். "அதெல்லாம் எழுதாதே, அவ படிச்சிடப் போறா." "தமிழ்ல எழுதுறேன், டெஸ்மண்ட்." "அப்ப நல்லாவே எழுது."]

3

பாரம்பரியக் கட்டடத் துறையிலிருந்து மிஸ் குரோம் வந்தார். கவுண்டரைப் பார்த்தார். குனிந்து முகர்ந்தும் பார்த்தார்.

"ரொம்ப சுவாரஸ்யமா இருக்கு" என்றார்.

(அடிக்குறிப்பு: இந்த ஊரில் இது பாராட்டு இல்லை. சமையலைப் பற்றி யாராவது இப்படிச் சொன்னால் தட்டை எடுத்துவிடுவார்கள்.)

பிறகு அரை கிளாஸ் பீர் கேட்டார். கவுண்டருக்குப் பின்னால் வின்னி திருதிருவென்று விழித்தார். பீப்பாய் இருப்பது சுவருக்கு அந்தப் பக்கம். "ஒரு நிமிஷம்" என்று மறைந்துபோனார். ஜன்னல் கதவு மேலே ஏறும் சத்தம் கேட்டது.

அந்தச் சத்தம் கேட்டால் இந்த ஊர்க்காரர்கள் எழுந்துவிடுவார்கள். அன்றும் எழுந்தார்கள். வயிற்றை எக்கிக்கொண்டு கவுண்டருக்குப் பின்னால் நுழைந்து, ஒருவர் பின் ஒருவராக நின்றார்கள். கண்ணெதிரே ஒரு வரிசை நிற்கும்போது மிஸ் குரோம் மட்டும் என்ன செய்வார்? அவரும் ஆங்கிலேயப் பெண்தானே. எதற்கு என்று கேட்காமல் கடைசியில் போய் நின்றுகொண்டார்.

அவர் முறை வந்தது. கிளாஸை நீட்டிய வின்னியின் கையை அவர் கவனிக்கவே இல்லை. தலைமுறை தலைமுறையாகக் கிளாஸ்கள் உரசிக் குழிந்த அந்த ஜன்னல் விளிம்பை விரலால் தடவினார்.

"இதை வச்சுக்கிட்டா அதைக் காட்டினீங்க? இந்த மாதிரி நாட்டுல இன்னும் ரெண்டோ மூணோதான் மிச்சம்!" சட்டென்று குரல் இறங்கியது. "ஐயோ, இங்க ஆணி பாஞ்சு சட்டம் பிளந்திருக்கே. யாரு வேலை இது?"

4

முதல் முடிவு: எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். வின்னி வீடு இழந்—

அடித்துவிட்டேன். எனக்கே தாங்கவில்லை.

நடந்தது இதுதான். டெஸ்மண்டின் முகம் காது வரை சிவந்தது. இருபது மைல் வட்டாரத்தில் கெட்டிக்காரத் தச்சர் என்ற பெயர் ஒன்றுதான் அவருக்குச் சொத்து. "நான்தாங்க. வியாழக்கிழமை" என்றார்.

ஜன்னலுக்குள்ளிருந்து குரல் வந்தது. "தேயிலை என்னுது. அதையும் எழுதிக்கோங்க."

மிஸ் குரோம் இரண்டையும் எழுதிக்கொண்டு போனார். டெஸ்மண்ட் ஒவ்வொரு ஆணியாகப் பிடுங்கி, பிளந்த சட்டத்தைப் பசை வைத்து ஒட்டினார். பட்டியலில் சேர அது போதுமா என்று இன்னும் பதில் வரவில்லை.

"முடிவை எழுதிட்டியா?" என்று தினம் கேட்கிறார்.

எனக்குப் பயமாக இருக்கிறது, எழுத மாட்டேன். நீங்களே வாருங்கள். நடையில் டெஸ்மண்ட் நிற்பார், அவருக்குப் பின்னால் நில்லுங்கள். தயவுசெய்து முந்தாதீர்கள், கொலையே விழும். உங்கள் முறை வந்ததும் கதவைத் தட்டுங்கள். திறக்காவிட்டால்—

திறந்தால், எனக்கும் ஒரு பீர் சொல்லுங்கள்.