ஆறு புள்ளி நாலு

குவைத்தில் இருக்கும் என் மகள் ஷெர்லிக்கு என்னைப் பார்க்க நேரம் கிடையாது. என் ரத்தத்தைப் பார்க்க மட்டும் நேரம் உண்டு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அங்கிருந்தே கோட்டாறு லேபுக்குச் சொல்லிவிடுவாள். நான் போய்க் கையை நீட்ட வேண்டும். ரிப்போர்ட் நேரே அவள் போனுக்குப் போய்விடும்.

இந்த முறை பொட்டாசியம் ஆறு புள்ளி நாலு. ஐந்துக்குள் இருக்க வேண்டியதாம், இப்படி ஏறினால் இதயம் நின்றுகூடப் போகுமாம். ஷெர்லி போனில் அழுதாள்.

"அம்மா, நான் டிக்கெட் போடுதேன். வெள்ளிக்கிழமை அங்க இருப்பேன்."

நாலு வருஷமாக வராதவள். எனக்குப் பயம் வரவேண்டிய இடத்தில் சந்தோஷம் வந்தது, வெட்கங்கெட்ட சந்தோஷம். அவள் கட்டிலுக்கு விரிப்பு மாற்றினேன். மீன்காரியிடம் நெய்மீனுக்குச் சொல்லி வைத்தேன்.

மதியம் லேபிலிருந்து ஆன்ஸ்லின் கூப்பிட்டாள். காலையில் ரத்தம் எடுத்த பெண்.

"நேசபாய் மாமி, உடனே வாங்க, இன்னொரு தடவ எடுக்கணும். மெஷின்ல பிழை இல்ல, சோதிச்சுப் பாத்தாச்சு. நரம்பு கிடைக்கல்லன்னு நீங்க கைய மடக்கி மடக்கி விரிச்சீங்கல்லா? அப்படிச் செய்தா தசையில உள்ள பொட்டாசியம் ரத்தத்துல எறங்கி, கூடுதலாக் காட்டும்."

பாழாய்ப்போன என் கைதான் என் மகளை வரவழைத்திருக்கிறது!

போனேன். "இப்ப கைய சும்மா வையுங்க மாமி" என்று சொல்லி ஆன்ஸ்லின் மேல்கையில் ரப்பர் பட்டையை இறுக்கினாள். அவள் ஊசியை எடுக்கத் திரும்பியதும் நான் கையை மடக்கினேன், விரித்தேன், மறுபடி பலங்கொண்ட மட்டும் மடக்கினேன். அறுபத்தாறு வயதில் இந்தக் களவு.

அவள் பார்த்துவிட்டாள். ஏசவில்லை. பட்டையை அவிழ்த்துவிட்டு, என் விரல்களை நிமிர்த்தித் தன் கைக்குள் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பொறுத்தாள்.

"ஆரு மாமி வரணும்?" என்று மெதுவாகக் கேட்டாள்.

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

இந்தத் தடவை நாலு புள்ளி ரெண்டு. ஷெர்லி போனில் பெருமூச்சு விட்டாள்.

"ஸ்தோத்திரம்! நான் பயந்தே போனேன் அம்மா. அப்ப டிக்கெட்ட கேன்சல் பண்ணிருதேன். லீவு மிச்சம்."

'சரி மக்களே' என்றுதான் அவளிடம் எப்போதும் சொல்வேன். அன்றைக்கு வாய் அடங்கவில்லை.

"தீனம், நோவு இல்லேன்னா வரப்பிடாதா மக்களே?"

அவள் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.