ஆடத் தெரியாத முழங்கால்

போட்டிப் பருவம் பாதி ஓடியிருந்தது. ராயோ ஆல்த்தோ ஊரின் கூடைப்பந்து அணி ஜெயிப்பதும் தோற்பதுமாக ஒப்பேற்றிக்கொண்டிருந்தது. அணி முதலாளிக்குத்தான் கை சும்மா இருக்கவில்லை. ஊரிலேயே பிறந்து ஊர்த் தெருவிலேயே பந்து தட்டிப் பழகிய நந்தீத்தோவைப் பக்கத்து ஊர் புந்த்தா குரூஸ் அணிக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு டெரன்ஸ் ஹால்கம் என்ற அமெரிக்க நட்சத்திரத்தை வாங்கி வந்தார். ஹால்கம் பெரிய ஆட்டக்காரன், அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் அவனுடைய இடது முழங்காலை டாக்டர்கள் இரண்டு முறை திறந்து மூடியிருந்தார்கள்.

செய்தியைக் கேட்டதும் பேக்கரிக்காரர் எலாதியோ கையிலிருந்த மாவை மேசையில் ஓங்கி அறைந்தார். அரங்கத்தில் மேளக்காரர்களுக்கு நடுவே நின்று மாட்டு மணி அடிப்பவர் அவர். அவர் அடிக்காமல் அந்த ஊரில் ஒரு பந்தும் கூடைக்குள் விழுந்ததில்லை என்பது அவருடைய சொந்த அபிப்பிராயம். அதைவிடப் பெரிய வேதனை ஒன்று இருந்தது. நந்தீத்தோவின் மகளுக்கு ஞானத்தகப்பன் அவர்தான். ஞானஸ்நானத்தில் குழந்தையின் தலையில் தண்ணீர் விழுந்த அந்த நிமிடத்திலிருந்து இரண்டு பேரும் ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைத்ததில்லை. பிள்ளையின் அப்பனும் ஞானத்தகப்பனும் ஒருவருக்கொருவர் கொம்பாத்ரே என்பது அந்த ஊர் முறை; இவர் அவனுக்குக் கொம்பாத்ரே, அவன் இவருக்குக் கொம்பாத்ரே. கூடப் பிறந்தவனோடு சண்டை போடலாம், கொம்பாத்ரேயோடு கூடாது. அப்படிப்பட்டவனை எதிரி அணிக்குத் தாரை வார்த்திருக்கிறார்கள்.

"தேங்காய் வாங்குறவன்கூடக் காதுகிட்ட வெச்சு ஆட்டிப் பாத்துதான் வாங்குறான்," என்று மாவு பிசைந்தபடியே மனைவி இராய்தாவிடம் பொருமினார். "இந்த மனுஷன் அந்த முழங்காலைத் தொட்டுக்கூடப் பாக்கல."

"அப்ப நாம ஆட்டிப் பாத்துடுவோம்," என்றாள் இராய்தா.

அவள் சொன்னால் செய்வாள். மாதா கோயில் திருவிழா அந்த வாரம்தான். ஹால்கமை ஊருக்குக் காட்டுவதற்காகச் சதுக்கத்துக்கு அழைத்து வந்திருந்தார்கள். வாத்தியக்காரர்கள் சல்சா வாசிக்கத் தொடங்கியதும் இராய்தா நேராகப் போய் அந்த நெடியவனின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். அவளோடு ஒரு பாட்டு முழுக்க ஆடித் தப்பியவர்கள் ஊரில் குறைவு. எலாதியோ கையில் பொரித்த மீன் அடையை வைத்துக்கொண்டு, அதைத் தின்ன மறந்து, ஹால்கமின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வலது பக்கம் ஏதோ சமாளித்துத் திரும்பினான். இடது பக்கம் திரும்ப வேண்டிய இடம் வந்தபோதெல்லாம் தந்திக் கம்பமாக நின்றான். ஒரு தடவை இடது காலைத் தூக்கிவிட்டு, அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் விழித்து, கடைசியில் இராய்தாவின் பாதத்தின் மேலேயே வைத்தான்.

எலாதியோவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நடக்கப் பழகிய பிள்ளையிலிருந்து பல் போன கிழவர் வரை அந்த ஊரில் ஆடாத ஆளை அவர் பார்த்ததில்லை. நல்ல உடம்புள்ள மனிதன் ஒருவன் தாளத்துக்குத் திரும்பவில்லையென்றால் முழங்கால் போய்விட்டது என்றுதான் அர்த்தம். வேறு காரணம் இருக்கக்கூடும் என்று அவர் மனதில் தோன்றவே இல்லை.

மறுநாள் காலையில் நந்தீத்தோ போன் செய்தான். ஞாயிற்றுக்கிழமை சொந்த ஊருக்கு எதிராகவே ஆட வேண்டும், ஹால்கமைத் தடுக்கும் வேலையை அவன் தலையில் கட்டியிருக்கிறார்கள், சொதப்பினால் பருவம் முடியும்வரை பெஞ்சில்தான் உட்கார வேண்டும் என்று பயிற்சியாளர் சொல்லிவிட்டாராம். எலாதியோவுக்கு முதலாளி மேல் இருந்த ஆத்திரமெல்லாம் பொங்கிக்கொண்டு வந்தது. இருந்தும் வாயைத் திறக்கும் முன் கடைக் கதவைச் சாத்தினார்.

"அவனோட இடது பக்கத்தைத் திறந்து விட்டுட்டு, வலது பக்கத்தை மட்டும் மறிங்க, கொம்பாத்ரே. அந்தப் பக்கம் அவனால திரும்பவே முடியாது."

"நெசமாவா?"

"என் ரெண்டு கண்ணால பாத்தேன்."

போனை வைத்ததும் சுவரில் தொங்கிய மாட்டு மணி தன்னையே பார்ப்பதுபோல் இருந்தது அவருக்கு. ஒரு மாவுச் சாக்கை எடுத்து அதன் மேல் போர்த்தினார்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் நந்தீத்தோ சொல் பிசகாமல் இடது பக்கத்தைத் திறந்து விட்டான். ஹால்கம் முதலில் அதை நம்பாமல் ஒரு முறை நின்று பார்த்தான். பிறகு அந்தப் பக்கமாகவே போனான், போய்க்கொண்டே இருந்தான். இடது பக்கம்தான் அவனுக்குக் கைவந்த பக்கம் என்று அமெரிக்காவில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியுமாம். பந்து கூடைக்குள் விழுந்துகொண்டே இருந்தது. மேளக்காரர்கள் எழுந்து ஆடினார்கள், பக்கத்தில் இருந்தவர்கள் எலாதியோவை இடித்து இடித்து மணியடிக்கச் சொன்னார்கள். அவர் சாவு வீட்டு மணி அடிப்பதுபோல அடித்தார். இடைவேளைக்கு முன்பே நந்தீத்தோவைப் பெஞ்சுக்கு அனுப்பிவிட்டார்கள். அவன் தலைக்கு மேல் துண்டைப் போட்டுக்கொண்டான். அதன் பிறகு கடைசிவரை அவன் முகத்தை எலாதியோ பார்க்கவில்லை.

ஆட்டம் முடிந்ததும் மேளக்காரர்களோடு அரங்கத்தின் பின்வாசலுக்கு வந்தார். பேருந்தில் ஏறப் போன நந்தீத்தோ அவரைக் கண்டதும் நின்றான்.

"நல்லாத்தான் கவுத்துட்டீங்க, எலாதியோ," என்றான்.

பெயர். அவன் வாயிலிருந்து தன் பெயரைக் கேட்டபோது எலாதியோவுக்குக் கன்னத்தில் அறை வாங்கினதுபோல் இருந்தது. பின்னால் நின்ற மேளக்காரர்களுக்கு அரைகுறையாக ஏதோ புரிந்து, எதிரியை நம்ப வைத்து ஏமாற்றிய கெட்டிக்காரர் என்று அவர் முதுகில் தட்டத் தொடங்கினார்கள். வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும், நாளைக்கு ஊர் அவரைத் தோளில் தூக்கும். எலாதியோ அவர்கள் கையைத் தள்ளிவிட்டார்.

"ஏமாத்தல. சத்தியமா நம்பித்தான் சொன்னேன். நீங்க ஜெயிக்கணும்னு, என் ஊரு தோக்கணும்னுதான் சொன்னேன்."

முதுகில் தட்டிய கைகள் நின்றன. நந்தீத்தோ அவரை மேலும் கீழும் பார்த்தான்.

"அவன் முழங்கால் போச்சுன்னு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. இராய்தாகூட ஆடினான். இடது பக்கம் திரும்பவே வரல அவனுக்கு. முழங்கால் நல்லா இருந்தா ஒரு மனுஷன் அப்படியா ஆடுவான்?"

நந்தீத்தோவின் வயிறு குலுங்கத் தொடங்கியது. பேருந்துக் கதவைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தான்.

"அவன் அமெரிக்காவுல ஒஹையோக்காரன், கொம்பாத்ரே. அங்க எவனுக்குமே ஆடத் தெரியாது," என்றான்.

பின்னால் யாரோ எலாதியோவின் கையிலிருந்து மணியை உருவினார்கள். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.