நடுராடு இல்லாத காற்றாடி

1981-ஆம் ஆண்டு ஆயுத பூஜையன்று பசவனமேட்டுக் காற்றாடிக்கும் அதன் கீழே இருந்த பம்புக்கும் நடுவே ஒரு முழம் வெற்றிடம் இருந்தது. பம்பு அன்று மாலைவரை வழக்கம்போலத் தண்ணீர் இறைத்தது.

அந்தக் காற்றாடி அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன் ஏதோ ஓர் அரசுத் திட்டத்தில் வந்து இறங்கியது. தேன்கனிக்கோட்டையிலிருந்து ஓசூர் போகும் பஸ்ஸில் வலதுபக்கம் உட்கார்ந்தால், மேட்டின் உச்சியில் பதினெட்டுத் தகடுகள் கொண்ட சக்கரமும் அதன் பின்னால் நீண்ட தகர வாலும் தெரியும். சக்கரம் சுற்றினால் கோபுரத்தின் நடுவில் தொங்கும் மேல்ராடு ஏறி இறங்கும். போர்க்குழிக்குள் இருந்த கீழ்ராடு பம்பின் தோல் வாஷரைத் தூக்கித் தண்ணீரை மேலே கொண்டுவரும். இரண்டு ராடுகளையும் சேர்ப்பது ஒரு முழ நீள இரும்புத் துண்டு, முனைக்கு ஒரு போல்ட்டு. ஊரில் அதற்கு நடுராடு என்று பெயர். மேட்டுக் காலனியின் இருபத்திரண்டு வீடுகளுக்கும் குடிக்கவும் குளிக்கவும் மாட்டுக்குக் காட்டவும் அந்தத் தண்ணீர்தான். வேறு தண்ணீர் கிடையாது.

நடுராடைப் பூட்டுவதும் கழற்றுவதும் முனிலட்சுமியின் வேலை. காற்றாடியை நட்டுப் பொருத்திய மெக்கானிக் மூன்றாம் நாள் ஊரைக் கூட்டி, தினமும் இதைப் பார்த்துக்கொள்ள யார் வருவீர்கள் என்று கேட்டபோது, ஆண்களில் பாதிப் பேர் கல் உடைக்கவும் மீதிப் பேர் ஓசூர்க் கம்பெனிகளுக்கும் போயிருந்தார்கள். ஐந்தாம் வகுப்புவரை படித்த முனிலட்சுமி "நான் வர்றேன்" என்று சொல்லிப் பத்தொன்பதாம் நம்பர் ஸ்பேனரைக் கை நீட்டி வாங்கிக்கொண்டாள். ஆடிக் காற்று மிஞ்சினால் வாலை மடக்கிச் சக்கரத்தை நிறுத்த வேண்டும். ராடு அடியில் இறங்கி நிற்கும்போதுதான் போல்ட்டில் கை வைக்க வேண்டும். குழியில் தண்ணீர் குறைந்தால் நடுராடைக் கழற்றி வாஷருக்கு ஓய்வு கொடுக்க வேண்டும். மெக்கானிக் இவற்றை ஒருமுறைதான் சொன்னார். அவள் ஒருமுறைகூடத் தவறவில்லை, அந்த ஆயுத பூஜைவரை.

அன்று ஓசூரில் எல்லாக் கம்பெனிகளிலும் மெஷின்களை நிறுத்திப் பொட்டு வைத்திருந்தார்கள். அவள் கணவன் கங்கப்பன் அப்படி ஒரு கம்பெனியில் லோடிங் வேலை பார்த்தான். பொரியும் கடலையுமாக வீட்டுக்கு வந்தவன், "ஏம்மே, அங்க அம்மாம்பெரிய மெஷினுக்கே லீவு உட்டுட்டாங்க. உன் காத்தாடி மட்டும் இன்னா பாவம் பண்ணுச்சு?" என்றான். அது அவளுக்கு நியாயமாகப் பட்டது. நடுராடைக் கழற்றி, மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, வீட்டில் முனீஸ்வரன் படத்துக்கு முன்னால் வைத்தாள். வாலை மட்டும் மடக்கவில்லை. லீவு விட்ட அன்று அதைக் கட்டிப்போட அவளுக்கு மனம் வரவில்லை. மெக்கானிக் கேட்டிருந்தால் திட்டியிருப்பார்.

சக்கரம் சுற்றியது. மேல்ராடு ஆகாயத்தில் ஏறி இறங்கியது. அதற்கு ஒரு முழம் கீழே, எதிலும் மாட்டப்படாத கீழ்ராடும் அதே கணக்கில் ஏறி இறங்கியது. தொட்டியில் தண்ணீர் விழுந்தது. முனிலட்சுமி இரண்டு ராடுகளுக்கும் நடுவில் கையை நுழைத்துப் பார்த்தாள். உள்ளங்கை கொஞ்சம் குளிர்ந்தது, அவ்வளவுதான். பக்கத்து வீட்டு மாதம்மாள் குடத்தோடு வந்து சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். "அதுக்கு லீவே புடிக்கல போல" என்று சொல்லிவிட்டுக் குடத்தை நிரப்பிக்கொண்டு போனாள்.

மறுநாள் காலை நடுராடைப் பூட்டியதும் தண்ணீர் நின்றுவிட்டது. சக்கரம் சுற்றியது, இரண்டு ராடுகளும் ஒன்றாக ஏறி இறங்கின, குழாயில் ஒரு சொட்டு இல்லை. கழற்றினாள், வந்தது. பூட்டினாள், நின்றது. ஒன்பது முறை செய்து பார்த்துவிட்டு நடுராடைக் கொண்டுபோய் வீட்டுப் பரணில் வைத்தாள். அன்றிலிருந்து தண்ணீர் வேண்டுமென்றால் கழற்றுவது, போதுமென்றால் பூட்டுவது என்று வேலை தலைகீழானது. ஒரு வாரத்தில் ஊருக்கு அது பழகிவிட்டது. பெண்கள் விடிந்ததும் "கழட்டிட்டியாக்கா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்கள்.

ஓசூரிலிருந்து மெக்கானிக் வந்து வாஷரை மாற்றினார், ஒன்றும் மாறவில்லை. கிருஷ்ணகிரியிலிருந்து ஓர் இயற்பியல் ஆசிரியர் வந்து இரண்டு நாள் தங்கினார். இடைவெளிக்குள் காகிதத்தை நீட்டினார், பலகையை நீட்டினார், இரும்புத் தட்டை நீட்டினார். தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. காந்த ஊசியைக் காட்டினார். அது வடக்கைப் பார்த்தது. பிறகு தையல் நூல் ஒன்றின் ஒரு முனையை மேல்ராடிலும் மறுமுனையைக் கீழ்ராடிலும் தளர்வாகக் கட்டினார். அந்தக் கணமே தண்ணீர் நின்றது. நூலை அறுத்ததும் ஓடியது. எல்லாவற்றையும் நோட்டில் எழுதி, தேதி போட்டு, நோட்டை மூடி, முனிலட்சுமி கொடுத்த வேர்க்கடலையைத் தின்றுவிட்டு பஸ் ஏறினார். "தப்பா ஒண்ணும் இல்லம்மா. சரியாத்தான் வேலை செய்யுது" என்பது அவர் சொல்லிவிட்டுப்போன முடிவு.

இப்படி இரண்டரை ஆண்டுகள் போயின. 1984 கோடையில் மேட்டுக்குக் கீழே வெங்கடப்பனின் கிணறு அடித்தரை தெரிய வற்றியது. அவர் நிலக்காரர், மின்சார மோட்டார் வைத்திருப்பவர். தன் தண்ணீரைக் காற்றாடிதான் இழுக்கிறது என்று முடிவு செய்தார். பூட்டிய காற்றாடி தண்ணீர் எடுத்தால் அது விவசாயம், பூட்டாத காற்றாடி எடுத்தால் அது திருட்டு என்று எல்லோரிடமும் தெலுங்கிலும் தமிழிலும் சொல்லிக்கொண்டு திரிந்தார். பிறகு மனு எழுதிப் போட்டார். மூன்று மாதம் பம்போடு இணைப்பில்லாமல் நின்ற காற்றாடியைப் பிரித்து, காத்திருக்கும் வேறு ஊருக்குக் கொடுக்க வேண்டும் என்று அந்தத் திட்டத்தில் ஒரு விதி இருந்தது.

தருமபுரியிலிருந்து கோவிந்தன் என்ற ஓவர்சியர் வந்தார். ராடுகளைப் பார்த்தார், தொட்டியில் விழும் தண்ணீரைப் பார்த்தார், மறுபடி ராடுகளைப் பார்த்தார்.

"ஏம்மா, இது கனெக்ட் ஆகலையே."

"ஆமாங்க சார். அதனாலதான் தண்ணி வருது."

"அப்பிடியெல்லாம் எழுத முடியாதும்மா. நடுராடு எங்க? எடுத்தாந்து மாட்டு."

பரணிலிருந்து எடுத்துவந்து மாட்டினாள். தண்ணீர் நின்றது. கோவிந்தன் போல்ட்டுகளைச் சுற்றிக் கம்பி கட்டி, ஈய முத்திரை வைத்து நசுக்கினார். "இணைச்சாச்சு. இனிமே தண்ணி வரலேன்னா அது பம்பு ரிப்பேர். அதுக்குத் தனியா மனு போடணும்" என்றார். முத்திரையை யாராவது பிரித்தால் லாரி வரும், காற்றாடி போகும் என்பதையும் சொன்னார். அவர் கையில் இருந்த படிவத்தை முனிலட்சுமி பக்கத்தில் நின்று எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டாள்.

காற்றாடி இருபத்து மூன்று நாள் முறைப்படி இணைக்கப்பட்டு நின்றது. பம்பு ரிப்பேர் என்று போட்ட மனுவுக்குப் பதில் வரவில்லை. அந்த நாட்களில் வெங்கடப்பன் ஆழம் வெட்டிய கிணற்றில் ஊற்று வந்திருந்தது. கரண்டு இருக்கும்போது காலனிப் பெண்கள் அங்கே போனார்கள். வெங்கடப்பன் இல்லை என்று சொல்லவில்லை. குடத்தை வரப்பில் வைத்துவிட்டு எட்டி நிற்க வேண்டும், ஆள்காரன் வந்து ஊற்றும்வரை காத்திருக்க வேண்டும். தென்னைக்குப் பாய்ந்த பிறகுதான் ஆள்காரன் வருவான், சில நாள் அதற்குள் கரண்டு போய்விடும். இருபத்து மூன்றாம் நாள் வெங்கடப்பனின் மனைவி சரோஜம்மாள் வரப்போரம் வந்து நின்று, "ஏண்டி முனிலட்சுமி, வானத்து மேல அம்மாம்பெரிய காத்தாடிய வெச்சுக்கினு எங்க மோட்டார்கிட்ட நிக்கிறீங்களே, வெக்கமா இல்ல?" என்றாள்.

"இருக்குதும்மா" என்றாள் முனிலட்சுமி. "அதான் போறேன்."

காலிக் குடத்தை எடுத்துக்கொண்டு நேராக மேட்டுக்குப் போனாள். உச்சி வெயில். கங்கப்பனின் கட்டிங் பிளேயரால் முத்திரைக் கம்பியை வெட்டி, ராடு அடியில் இறங்கும்வரை காத்திருந்து, இரண்டு போல்ட்டையும் கழற்றினாள். தண்ணீர் வந்தது. "லாரி வந்தா இன்னாக்கா பண்றது?" என்று மாதம்மாள் கேட்டாள். "வரட்டும். நானே வரச் சொல்றேன்" என்று சொன்னவள் அன்றே ஒரு தபால் கார்டு எழுதினாள். 'உங்கள் முத்திரையை நான் வெட்டிவிட்டேன். தண்ணீர் வருகிறது. படிவத்தோடு வரவும். முனிலட்சுமி, பசவனமேடு.'

கோவிந்தன் லாரியோடு வந்தார். கயிறும் சங்கிலியும் எடுத்துக்கொண்டு நான்கு ஆட்கள் இறங்கினார்கள். வெங்கடப்பன் குடையோடு வந்து ஓர் ஓரமாக நின்றார். இருபத்திரண்டு வீட்டுப் பெண்களும் குடங்களோடு கோபுரத்தைச் சுற்றி நின்றார்கள். முனிலட்சுமி ஒரு கையில் நடுராடும் மறுகையில் ஸ்பேனருமாக ஓவர்சியர் எதிரில் வந்தாள்.

"உங்க படிவத்துல எத்தினி கேள்வி சார்?"

"ரெண்டு. பம்போட இணைஞ்சிருக்கா, தண்ணி வருதா. ரெண்டுக்கும் 'ஆம்' இருந்தாத்தான் காத்தாடி இங்க இருக்கும்."

"ரெண்டையும் ஒரே மூச்சுல கேக்கணும்னு அதுல போட்டிருக்குதுங்களா?"

கோவிந்தன் படிவத்தின் முன்பக்கத்தைப் பார்த்தார். பின்பக்கத்தையும் பார்த்தார். "போடல."

முனிலட்சுமி வாலை மடக்கிச் சக்கரத்தை நிறுத்தி, நடுராடைப் பூட்டி, போல்ட்டை இறுக்கி, சக்கரத்தை மறுபடி விட்டாள். "மொதல் கேள்விய எழுதுங்க சார்." அவர் இழுத்துப் பார்த்தார். நடுராடு கழன்று வரவில்லை. 'ஆம்' என்று எழுதினார். "இப்ப கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பி மலைய பாருங்க."

"எதுக்கும்மா?"

"ரெண்டாவது கேள்விக்கு எனக்கு நாலு நிமிஷம் ஓணும்."

"ஐயா, ஏமாத்தறா!" என்றார் வெங்கடப்பன். "கழட்டப் போறாய்யா!"

கோவிந்தன் கயிறு பிடித்திருந்த ஆட்களைப் பார்த்தார், காலிக் குடங்களைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார். பிறகு வெங்கடப்பனிடம், "நீங்களும் மலையைப் பாருங்க. ஆபீஸ் வேலை நடக்குது" என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டார். கர்நாடகப் பக்கத்து மலை அன்று தெளிவாக இருந்தது. நான்கு நிமிடம் கழித்து முதுகுக்குப் பின்னால் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. அவர் தொட்டியை மட்டும் பார்த்தபடி நடந்து வந்து, இரண்டாவது கேள்விக்கும் 'ஆம்' எழுதிக் கையெழுத்துப் போட்டார். லாரி ஆட்கள் கேன்களில் தண்ணீர் பிடித்துக்கொண்டு, நன்றாக இருக்கிறது என்று கன்னடத்தில் சொல்லிவிட்டுப் புறப்பட்டார்கள்.

அதன் பிறகு ஆண்டுக்கு ஒருமுறை ஆய்வு அப்படியே நடந்தது. கோவிந்தன் மாற்றலாகிப் போகும்போது, பசவனமேட்டில் முதல் கேள்விக்குப் பின் மலையைப் பார்க்க வேண்டும் என்று அடுத்தவரிடம் சொல்லிவிட்டுப் போனார். அவர் அதற்கடுத்தவரிடம் சொன்னார். அதிகாரிகள் ஐந்து பேர் அந்த மலையைப் பார்த்தார்கள். அவர்களில் ஒருவர் சரிவில் பதினோரு யானைகளை எண்ணி, அதையும் படிவத்தின் ஓரத்தில் குறித்தார். வெங்கடப்பன் ஓர் ஆயுத பூஜைக்குத் தன் மோட்டாரின் ஒயரைப் பிடுங்கிவிட்டுச் சாயங்காலம்வரை குழாய் வாயருகே உட்கார்ந்திருந்தார். ஒன்றும் வரவில்லை. அதற்குப் பிறகு அவர் காற்றாடி பற்றிப் பேசுவதை விட்டுவிட்டார். சுற்றிலும் கம்பெனிகள் பெருகின, கங்கப்பனுக்கு வேலை நிரந்தரமானது, காலனி நாற்பது வீடானது. தண்ணீர் நாற்பதுக்கும் போதுமானதாக இருந்தது.

1995-இல் வந்த அதிகாரி புதியவர். பொறியியல் படித்த பெண், பெயர் ருக்மணி. அவருக்கு முன்னால் இருந்தவர் ஓய்வுபெறும் அவசரத்தில் மலை விஷயத்தைச் சொல்ல மறந்திருந்தார். முனிலட்சுமி நடுராடைப் பூட்டினாள். ருக்மணி இழுத்துப் பார்த்து 'ஆம்' எழுதினார். பிறகு அங்கேயே நின்றார்.

"மேடம், அந்தப் பக்கம் மலை நல்லா இருக்கும்" என்றாள் முனிலட்சுமி.

"வரும்போதே பஸ்ல பாத்துட்டேன். தண்ணி வரலையே?"

மாதம்மாள் குடத்தைக் கீழே வைத்தாள். முனிலட்சுமி கோவிந்தனுக்குப் பிறகு எந்த அதிகாரியிடமும் சொல்லாததை அவரிடம் சொன்னாள். "கழட்டினாத்தான் வரும் மேடம். பூட்டினா வராது. எதுக்குன்னு எனக்குத் தெரியாது. பூட்டியே இருக்கணும்னு சொன்னீங்கன்னா நாப்பது வீடும் தண்ணிக்கு வரப்புல போய் நிக்கணும்."

ருக்மணி கோபுரத்தின் உச்சிவரை பார்த்தார். படிவத்தை மடித்துக் கைப்பையில் செருகினார். "வால மடக்கிட்டுத்தானே கழட்டணும்?" என்று கேட்டார். பிறகு கையை நீட்டினார். "ஸ்பேனரக் குடுங்க."

மேல் போல்ட்டு இறுகியிருந்தது. அவர் இரண்டு கையாலும் தொங்கிக் கழற்றினார். கீழ் போல்ட்டு எளிதில் வந்தது. வாலை விட்டதும் சக்கரம் காற்றைப் பார்த்துத் திரும்பியது, இரண்டு ராடுகளும் ஒரு முழம் தள்ளி ஒரே தாளத்தில் ஏறி இறங்கின. ருக்மணி நடுராடைத் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தொட்டியில் கை கழுவினார். வெறும் தண்ணீரில் கிரீஸ் முழுதாகப் போகாது. இரண்டாவது கேள்விக்கு எதிரே அவர் எழுதிய 'ஆம்' சற்றுக் கறுப்பாக விழுந்தது.