இடது காதில் ஒரு கை

...இல்லை, அது வெறும் காதடைப்பாகத்தான் இருக்கும், ஜீப் புதூர்நாட்டிலிருந்து இறங்க ஆரம்பித்து நாலைந்து வளைவு தாண்டியாயிற்று, எனக்கே அடைக்கிறது, எதிரில் பலாப்பழத்தை மடியில் வைத்திருக்கும் சுந்தரம்மாள் அத்தைக்கும் அடைக்கிறது, அப்படியிருக்க இளவரசி மட்டும் இடது காதைப் பொத்திக்கொண்டால் அதற்கு ஏன் வேறு அர்த்தம் தேடுகிறேன்... ஆனால் உள்ளங்கை முழுவதையும் வைத்திருக்கிறாள். விரலை விட்டுக் குடையவில்லை, உள்ளங்கை. நான்தானே போன மாதம் மாலை வகுப்பில் கரும்பலகையில் எழுதினேன், வாயால் சொல்ல முடியாத ஆபத்தில் இருந்தால் இடது காதை உள்ளங்கையால் மூடு என்று. தமிழ்மணி சிஸ்டர் சுகாதார நிலையத்திலிருந்து வந்து, உடம்பு மாறுவதைப் பற்றியும் காதலைப் பற்றியும் வேண்டாம் என்று சொல்வதைப் பற்றியும் பெண்களிடம் பேசிவிட்டு, உங்களுக்குள் ஒரு அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிப் போனார். கையைத் தூக்கினால் எல்லாரும் பார்ப்பார்கள் என்றாள் ஒருத்தி, முடியைத் தொட்டால் நாள் முழுக்கத் தொடுகிறோமே என்றாள் இன்னொருத்தி, காதை யாரும் சும்மா பொத்தமாட்டார்கள் என்று முடித்துவைத்தது நான். அன்றைய வகுப்பு டைரியில், அடையாளம் முடிவானது, எல்லாருக்கும் புரிந்தது என்று எழுதி அடியில் கோடும் போட்டேன். மலையிலேயே பிறந்து இந்த ஜீப்பிலேயே ஏறி இறங்கி வளர்ந்தவர்கள் நாங்கள், இந்த வளைவுகளில் எல்லாருமே காதைப் பொத்துவார்கள் என்பது எங்களில் ஒருத்திக்குக்கூடவா தோன்றவில்லை? சமவெளிக்காரர்கள் இந்தத் தவறைச் செய்திருந்தால் பரவாயில்லை...

அவளுக்குப் பக்கத்தில் இருப்பது சின்னராஜ். திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை, அவளைவிட எட்டு ஒன்பது வயது மூத்தவன், அவள் பதினொன்றாம் வகுப்பு. ஏறும்போதே மரியாதையாகத்தான் பேசினான், இன்னா டீச்சர் டவுனுக்கா என்று கேட்டான், வகுப்புக்குப் புதுப் படங்கள் வாங்கப் போகிறேன் என்றேன், இவளை அத்தை வீட்டில் விட்டுவிட்டு வரப்போவதாகச் சொன்னான். எந்த அத்தை என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஒவ்வொன்றாகப் பார்ப்போம், வகுப்பில் சொல்லித்தருவதுபோல. அவள் பை அவன் காலடியில் இருக்கிறது, இடமில்லாத ஜீப்பில் அது சாதாரணம். அவன் கை அவளுக்குப் பின்னால் கம்பியில் இருக்கிறது, வளைவில் எல்லாரும்தான் கம்பியைப் பிடிப்பார்கள். அவள் ஏறியதிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை, வகுப்பிலும் அவள் அதிகம் பேசுகிறவள் இல்லை. ஆனால் அவன் சட்டைப் பையில் துருத்திக்கொண்டிருக்கும் போன்... மூலை உடைந்த மஞ்சள் கவர், பின்னால் பட்டாம்பூச்சி ஸ்டிக்கர், அது இளவரசியின் போன். அதை அவன் ஏன் வைத்திருக்க வேண்டும்? கீழே விழுந்துவிடும் என்று கொடுத்திருப்பாளா? ஒருவர் உங்கள் போனை வாங்கித் தன்னிடம் வைத்துக்கொண்டால் அது அக்கறை இல்லை என்று நானே சொல்லியிருக்கிறேன், சொல்லும்போது எவ்வளவு எளிதாக இருந்தது.

அன்றைக்கு வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகு பாயைச் சுருட்டிக்கொண்டே கேட்டாளே, அக்கா, என் ஃபிரெண்டு ஒருத்தி, அவளை ஒருத்தர் போட்டோ அனுப்பச் சொல்கிறார், அனுப்பாவிட்டால் பாசமே இல்லை என்கிறார், அவள் இன்னா பண்றது என்று. நான் பாடம்போலப் பதில் சொன்னேன், அனுப்ப வேண்டாம், பெரியவர்களிடம் சொல்லட்டும், குழந்தைகள் உதவி எண் பத்து ஒன்பது எட்டுக்குப் போன் செய்யட்டும் என்று வரிசையாகச் சொன்னேன். ஏற்கெனவே அனுப்பிட்டா, என்று கேட்டாள். அப்போது நான் அவள் முகத்தைப் பார்த்தேனா? கதவைப் பூட்டிக்கொண்டிருந்தேன் என்று நினைக்கிறேன். உன் ஃபிரெண்டைக் கூட்டிக்கொண்டு வா, பேசலாம் என்றேன். சரிக்கா என்றாள். அந்த ஃபிரெண்டு இன்றுவரை வரவில்லை... அடுத்த வளைவில் ஜீப் சாய்கிறது, அவள் தோள் அவன்மேல் படுகிறது, அவள் சட்டென்று நிமிர்ந்துகொள்கிறாள், கையை மட்டும் காதிலிருந்து எடுக்கவில்லை. என் போனில் சிக்னல் கோடு ஒன்றுகூட இல்லை. இருந்தாலும் என்னவென்று சொல்வேன், ஒரு பெண் காதைப் பொத்தியிருக்கிறாள் என்றா?

தப்பாக இருந்துவிட்டால்... அவன் நிஜமாகவே அத்தை வீட்டுக்குத்தான் கூட்டிப் போகிறான் என்றால், நான் சந்தேகப்பட்டுத் தடுத்தது சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். ஏற்கெனவே ஆதிநாராயணன் மாமா தன் மகளை வகுப்பிலிருந்து நிறுத்திவிட்டார், கணக்கு சொல்லிக்குடுக்கச் சொன்னா இன்னாத்தையோ சொல்லிக்குடுக்குதுங்க என்று டீக்கடையில் பேசினாராம். மிச்சப் பெண்களையும் நிறுத்துவார்கள். அதோடு இளவரசியின் பெயரும் கெடும், படிப்பை நிறுத்திக் கல்யாணம் பேசுவார்கள், ஒருவேளை இவனுக்கே. சரியாக இருந்துவிட்டால்? அதுதான் இன்னும் பயம். கீழே போனதும் பஸ் நிற்கும், இவர்கள் இறங்கி ஏறிவிடுவார்கள், நான் படங்களைச் சுருட்டி எடுத்துக்கொண்டு திரும்பி வருவேன்.

சுந்தரம்மாள் அத்தை இடுப்பு முடிச்சிலிருந்து புளி எடுத்து ஆளுக்குக் கொஞ்சம் கிள்ளித் தருகிறாள், எச்சில் முழுங்கினால் காது திறக்கும் என்று.

"இன்னாடி எல்லாரும் காதப் பொத்திக்கினு வர்றீங்க, நான் இன்னும் பாடவே இல்லியே."

எல்லாரும் சிரிக்கிறார்கள், சின்னராஜும் சிரிக்கிறான், நானும் சிரிக்கிறேன், புளிப்பு நாக்கில் ஏறுகிறது, முழுங்குகிறேன், பொட்டென்று காது திறந்து இன்ஜின் சத்தம் முழுசாக வந்து விழுகிறது. ஒவ்வொரு கையாக இறங்குகிறது. இளவரசியும் புளியை வாயில் போட்டுக்கொண்டாள். அவள் கை இறங்கவில்லை. அவள் என்னைப் பார்க்கிறாள், ஏறியதிலிருந்து முதல் தடவையாக.

"தங்கவேலண்ணா, கொஞ்சம் நிறுத்துங்க, வாந்தி வர்ற மாதிரி இருக்குது."

என் குரல்தானா இது? டிரைவர் ஜீப்பை ஓரமாக நிறுத்துகிறார். இளவரசி, கொஞ்சம் வந்து என் தலையைப் பிடியேன் என்கிறேன். அவ எதுக்கு டீச்சர், அந்தம்மா வருவாங்க என்று சின்னராஜ் சுந்தரம்மாள் அத்தையைக் காட்டுகிறான், இந்தப் பலாப்பழத்த எங்கடா வெக்கிறது, பொண்ணு போவட்டும் வுடு என்கிறாள் அத்தை. அவன் காலை ஒதுக்கத் தாமதிக்கிறான். பிறகு ஒதுக்குகிறான். ஓரத்துக் கல்லைப் பிடித்துக்கொண்டு குனிகிறேன், வாந்தி ஒன்றும் வரவில்லை, அவள் என் நெற்றியைப் பிடித்திருக்கிறாள், அவளுடைய கை சில்லென்று இருக்கிறது. குனிந்தபடியே கேட்கிறேன்.

"காது ரொம்ப அடைக்குதா?"

"எனக்கு எப்பவுமே அடைக்காதுக்கா. சின்னதுலேர்ந்தே."

பின்னால் ஹாரன் அடிக்கிறது, யாரோ ஜீப்பிலிருந்து குதிக்கும் சத்தம், சரளைக்கல்மேல் செருப்பு நடந்து வருகிறது. நான் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்கிறேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள், பாடத்தின் மீதியைச் சொல்லப்போகிறேன் என்று காத்திருப்பவளைப்போல, எனக்கோ அந்தக் கரும்பலகைதான் கண்ணுக்குள் வருகிறது, காதை மூடு என்று எழுதினேன், அதைப் பார்ப்பவள் என்ன செய்ய வேண்டும் என்று சிஸ்டரும் சொல்லவில்லை, நானும் யோசிக்கவில்லை, அந்த வரிக்குக் கீழே பலகை காலியாகவே இருந்தது...