பதினோரு நாள் காணாமல் போன கார்

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்குக் கார் என்றால் உயிர். அந்தப் பழைய காரை மனைவிகூடத் தொட்டுவிட முடியாது.

வினை பஸ் வடிவில் வந்தது. வெயில் வருடா வருடம் ஏறுகிறது, வண்டிப் புகை குறைந்தாக வேண்டும் என்று நகரசபை மாதப் பாஸ் விலையைப் பாதிக்கும் கீழே இறக்கியது. அவர் மனைவி நெஞ்சுநோய் வார்டில் நர்ஸ்; தெருப் புகையில் மூச்சுத் திணறுகிறவர்களை நாளெல்லாம் பார்க்கிறவள். சும்மா இருப்பாளா? அன்றைக்கே இரண்டு பாஸ் வாங்கிவிட்டாள். அதோடு விட்டாளா? நடக்க முடியாத நோயாளிகளை அழைத்துவர வார்டில் வண்டி தேடுகிறார்கள், நம் காரைக் கொடுத்துவிடலாம் என்றும் ஆரம்பித்தாள்.

மனிதர் தலைகீழாக நின்றார். கார் இல்லாமல் ஒரு நாள்கூடத் தன்னால் முடியாது என்றார். வேண்டுமானால் பஸ்ஸில் போகிறேன், ஆனால் கார் வீட்டுப் பின்பக்க ஷெட்டில் நின்றாக வேண்டும் என்று சண்டையை அரைகுறையாக முடித்தார்.

முதல் வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனார். இரண்டாம் வாரம் ஜன்னலோர இடத்துக்கு, அதே பஸ்ஸில் வரும் தையல்காரரோடு போட்டி. மூன்றாம் மாதம் டிரைவர் வீட்டுக் கதையெல்லாம் அவருக்கு அத்துப்படி. கார்ப் பேச்சில் மட்டும் பிடித்த பிடியை விடவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, வார்டில் முடிவு கேட்கிறார்கள் என்றாள் மனைவி. கொடுப்பதாவது, இதோ கழுவப் போகிறேன் என்று வாளியோடு ஷெட்டுக்குப் போனார். காரைக் காணோம். வாளியைப் போட்டுவிட்டு மனைவியையும் கூட்டிக்கொண்டு ஓடினார்.

போலீஸ் நிலையத்தில் அவருக்கு அழுகையே வந்துவிட்டது. புகார் எழுதிய போலீஸ்காரர் கேட்டார்: "கடைசியா எப்ப பாத்தீங்க?"

யோசிக்க யோசிக்க அவர் முகத்தில் அசடு வழிந்தது. கனமான பெட்டிகளைக் கடையில் இறக்கக் காரில் போனாரே, அன்றைக்குத்தான். சாயங்காலம் கடையைப் பூட்டினார், பஸ் வந்து நின்றது, தையல்காரர் இடம் பிடித்துவைத்துக் கையாட்டினார், கால் தானாக ஏறிவிட்டது. கார் இன்னும் கடைக்குப் பின்னால்தான் நிற்கிறது.

"பதினோரு நாளாச்சு" என்றார் மெல்ல.

"இத்தனை நாளா கடைக்கு எப்படிப் போனீங்க?"

"பஸ்லதான்."

ஊருக்கே கண்ணாடி மாட்டுகிறவருக்கு இந்தக் கதியா என்று போலீஸ்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். மனைவி சிரிக்கவில்லை. கைப்பைக்குள் தலையை விட்டு எதையோ தேடினாள். அதற்காகவே அவள்மேல் அவருக்கு அன்பு பொங்கியது.

காரை எடுக்க இருவரும் பஸ் ஏறினார்கள். கடை நிறுத்தம் வந்ததும் அவள் எழுந்தாள். அவர் எழவில்லை. சாவியை எடுத்து அவள் கையில் வைத்தார்.

"உக்காரு. ஆஸ்பத்திரி ஸ்டாப்புல இறங்கிக் கொடுத்துட்டு வந்துரலாம். வண்டி எங்க நிக்குதுன்னு நீயே சொல்லிடு. நான் மறுபடியும் மறந்துருவேன்."